வெளிநாட்டுப் பொண்ணோ மாப்ளையோ நம்ம ஊட்டுக்கு வந்தா: விசா, வேலை, ஓசிஐ எல்லாம் எதை எப்ப பண்றது

கோயமுத்தூர், திருப்பூர் பக்கம் வெளிநாட்டு சம்பந்தம்ங்கறது இப்ப ஒண்ணும் அதிசயம் இல்லைங்க. பிலிப்பைன்ஸ்ல டாக்டருக்கு படிக்க போன பசங்க, வியட்நாம் ஃபேக்டரிக்கு போன மெர்ச்சண்டைசர், சிங்கப்பூர் மலேசியான்னு வேலைக்கு போனவிங்க, வெள்ளியங்கிரி அடிவாரத்துக்கு யோகா கத்துக்க வந்து இங்கயே ஒருத்தரை புடிச்சுப் போயி தங்கிட்டவிங்கன்னு ஏதோ ஒரு வழில ஆள் வந்துடுது. ஒறம்பரை எல்லாம் கேக்கறது "நம்ம சோறு கொழம்பு ஒத்துக்குதா கண்ணு"ன்னு. கேக்க வேண்டியது என்னன்னா, எந்த விசால வந்திருக்குது, கல்யாணத்தை எந்த சட்டத்துல பதிவு பண்ணுனீங்க, பதிவு ஆன தேதி என்ன. இந்த மூணுக்கும் பதில் சரியா இருந்தா மத்தது எல்லாம் தானா நடக்கும், இல்லைன்னா ரெண்டு மூணு வருஷம் ஆபீஸ் ஆபீஸா அலையணும்.

நான் எக்ஸ்போர்ட் டாக்குமெண்ட் பாக்கற ஆளு, பேப்பர் பாக்கறது நம்ம சோலிங்கறதால சொந்தக்காரங்க ஃப்ரெண்ட்ஸ்னு ஆளாளுக்கு இதுக்கும் என்னையத்தான் கூப்புடறாங்க, எல்லாருக்கும் ஃபோன்ல திரும்பத் திரும்ப சொல்றதுக்கு பதிலா இங்க எழுதி வெச்சுடறேன்.

மொதல்ல ஒரு தப்பான நெனப்பை தூக்கிப் போட்டுருங்க. இந்தியரை கட்டிக்கிட்டா உடனே இங்க வேலை செய்யலாம், கொஞ்ச நாள்ல தானாவே இந்தியன் ஆயிடுவாங்கன்னு நெனைக்கறாங்க. அப்படி இல்லவே இல்லை. கல்யாணம் குடுக்கறது இங்க தங்கற வழியை மட்டும்தான். வேற விசாவுக்கு மாறாம வேலை செய்யற உரிமை ஓசிஐ கார்டு (ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா, வெளிநாட்டு பாஸ்போர்ட்டோடயே இங்க வாழ்நாள் பூரா வந்து தங்க குடுக்கற கார்டு) கைக்கு வந்தப்பறம்தான், அந்த கார்டுக்கு கல்யாணம் பதிவாகி ரெண்டு வருஷம் முடிஞ்சிருக்கணும். நடுவுல இருக்கற இந்த ரெண்டு வருஷத்தை எப்படி ஓட்டறதுன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே ரெண்டு பேரும் உக்காந்து பேசிக்கறது நல்லது, ஏன்னா சம்பாதிச்சு பழகுன பொண்ணு ரெண்டு வருஷம் சும்மா ஊட்டுல உக்காரணும்னா அது சின்ன விசயம் இல்லைங்க.

கண்ணாலத்தை எங்க, எப்படி பதியறது

ரெண்டு பேரும் இந்துவா இருந்தா, உதாரணத்துக்கு மலேசியா தமிழ் பொண்ணு, இந்து திருமணச் சட்டம் 1955-ல பதியற வழி இருக்கு. ஒருத்தர் கிறிஸ்டின், முஸ்லிம்னா அந்த சட்டம் ஆகாது, அதுல ரெண்டு பேருமே இந்துவா இருக்கணும்னு நேராவே போட்டிருக்கு. அப்ப சிறப்பு திருமணச் சட்டம் 1954, நம்ம ஆளுங்க ஸ்பெஷல் மேரேஜ்னு சொல்றது. சர்டிபிகேட்டுக்காக மட்டும் ஒரு நாள்ல மதம் மாத்தி பேரு மாத்தி கொண்டு வந்து நிறுத்தறாங்க சில பேரு, எனக்கு அது சுத்தமா புடிக்கலைங்க, தேவையும் இல்லை, பின்னாடி பாஸ்போர்ட்ல ஒரு பேரு சர்டிபிகேட்ல ஒரு பேருன்னு நாமளே ஒரு வம்பை உண்டாக்கிக்கற மாதிரி ஆயிடும்.

ஸ்பெஷல் மேரேஜ்ல நடக்கறது இதுதான். சப் ரிஜிஸ்டரார் ஆபீஸ்ல நோட்டீஸ் குடுக்கணும், ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் அதுக்கு முன்னாடி 30 நாளாவது அந்த மாவட்டத்துல குடியிருந்திருக்கணும், நம்ம பையனோ பொண்ணோ உள்ளூர்ல இருந்தா அதுவே போதும். அந்த நோட்டீஸை ஆபீஸ் போர்டுல ஒட்டுவாங்க, யாராவது ஆட்சேபணை சொல்றதுக்கு 30 நாள் டைம். அது முடிஞ்சதும் மூணு சாட்சியோட போயி கையெழுத்து போட்டா கல்யாணம் முடிஞ்சுது, அங்கயே சர்டிபிகேட். நோட்டீஸ் குடுத்த நாள்ல இருந்து மூணு மாசத்துக்குள்ள முடிக்கணும், தாண்டிட்டா அந்த நோட்டீஸ் செத்துடும், புதுசா குடுக்கணும். அதனால 30 நாள் இ-டூரிஸ்ட் விசால வந்து எல்லாத்தையும் முடிச்சுட்டு போலாம்னு பிளான் பண்ணாதீங்க, கணக்கு எங்கயும் ஒத்து வராது. நாள் தாராளமா இருக்கற விசால வரச் சொல்லுங்க.

வெளிநாட்டு ஆள் கொண்டு வர வேண்டியதுல முக்கியமானது, கல்யாணம் ஆகலை அல்லது விவாகரத்து முறைப்படி முடிஞ்சிருச்சுங்கறதுக்கு அவங்க நாட்டு பேப்பர். பிலிப்பைன்ஸ்னா செனோமார்னு ஒண்ணு அங்க புள்ளிவிவர ஆபீஸ்ல குடுப்பாங்க, அதை வெச்சு டெல்லில அவங்க தூதரகத்துல கல்யாணம் பண்ணிக்க தடையில்லைங்கற சர்டிபிகேட் வாங்கணும். மத்த நாட்டுக்கும் பேரு வேற, விசயம் இதேதான். இங்கிலீஷ்ல இல்லாத பேப்பர் எல்லாத்துக்கும் சர்டிஃபைடு மொழிபெயர்ப்பு வேணும். வெளிநாட்டு பேப்பர்ல அப்போஸ்டில் முத்திரை (பேப்பர் நெசம்னு அந்த நாட்டு அரசு போடறது), அப்போஸ்டில் இல்லாத நாடுன்னா அங்க இருக்கற இந்திய தூதரக அட்டெஸ்டேஷன், இருக்கான்னு கண்டிப்பா பாருங்க, அது அந்தந்த நாட்டுலதான் போடுவாங்க, இங்க வந்தப்பறம் எந்த ஏஜெண்டு பணம் கேட்டாலும் அதை இங்க போட முடியாது.

இப்ப மண்டபக் கணக்குக்கு வரேன். நம்ம ஆளுங்க மொதல்ல அருமைக்காரரை வெச்சு சீர் எல்லாம் செஞ்சு கோயில்லயோ மண்டபத்துலயோ தாலி கட்டிட்டு, பதிவு தானே அது மெதுவா பண்ணிக்கலாம்னு விட்டுடறாங்க. ஏற்கனவே சடங்கா நடந்த கல்யாணத்தையும் ஸ்பெஷல் மேரேஜ்ல பதியலாம்தான், ஆனா அதுக்கும் 30 நாள் நோட்டீஸ் உண்டு, ரெண்டு பேருமே அந்த மாவட்டத்துல 30 நாள் குடியிருந்திருக்கணும், இன்னொண்ணு, அந்த சட்டத்துக்கு கீழ நடந்த கல்யாணமா அது எண்ணப்படறது சர்டிபிகேட் புக்குல ஏறுன நாள்ல இருந்துதான். அதாவது வைகாசில தாலி கட்டி தை மாசம் பதிஞ்சா எட்டு மாசம் வீணா போச்சு, ஓசிஐ கணக்கு அவ்வளவு தள்ளிப் போயிடும். தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி எல்லா கல்யாணத்தையும் 90 நாளுக்குள்ள பதியணும்ங்கறதும் தனியா இருக்கு, இருந்தும் தள்ளிப் போடறாங்க.

என்ற யோசனை என்னன்னா ரிஜிஸ்டர் மொதல்ல, மண்டபம் பின்னாடி. ஆடி மாசம் எப்படியும் யாரும் முகூர்த்தம் வைக்கப் போறதில்லை, அந்த 30 நாள் நோட்டீஸ் ஆடில ஓடட்டும், ஆவணி பொறந்ததும் காலைல சப் ரிஜிஸ்டரார் ஆபீஸ்ல கையெழுத்து, அதே வாரத்துல மண்டபம். அமுச்சி அப்பாரு யாருக்கும் ஆடில கல்யாணம் பண்ணுன மாதிரி சங்கடமும் இருக்காது, அது வெறும் நோட்டீஸ்தானே.

அந்த சர்டிபிகேட்ல பேரு எப்படி ஏறுதுன்னு எழுத்துக்கு எழுத்து பாருங்க, நம்ம ஊர் இனிஷியல் பழக்கம் இங்கதான் வெனையாகும். பாஸ்போர்ட்ல செந்தில்குமார் பழனிசாமி, ஆதார்ல பி. செந்தில்குமார், பத்தாவது மார்க் ஷீட்ல செந்தில் குமார் பி, பேருக்கு நடுவுல ஒரு ஸ்பேஸோட. நமக்கு மூணும் ஒரே ஆளுதான், ஆனா சென்னைல ஃபைலை பாக்கறவங்களுக்கு மூணு பேரு. பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படியே மேரேஜ் சர்டிபிகேட்ல வரணும்னு சொல்லி, டைப் பண்ணுனதும் கையெழுத்துக்கு முன்னாடி ஒரு தடவை வாங்கி படிங்க. பின்னாடி இந்தியர் பாஸ்போர்ட்ல வாழ்க்கைத் துணை பேரையும் சேத்து வெச்சுட்டா கேள்வி கொறையும்.

வெளிநாட்டுலயே கல்யாணம் பண்ணிட்டு வர்றவிங்க அந்த நாட்டு சர்டிபிகேட்டை அப்போஸ்டில் பண்ணி கொண்டு வந்துடுங்க. அங்க இருக்கற இந்திய தூதரகத்துல வெளிநாட்டு திருமணச் சட்டம் 1969 படி பண்ணிக்கறதுக்கும் வழி இருக்கு, ஒருத்தர் இந்தியக் குடிமகனா இருந்தா போதும்.

எக்ஸ்-2 விசாவும் ஃபார்ம் சி-யும்

இந்தியக் குடிமக்களோட கணவன் மனைவிக்கு குடுக்கறது என்ட்ரி விசா, அதுல எக்ஸ்-2. டூரிஸ்ட் விசால வந்து இங்க கல்யாணம் ஆனா உள்ள இருந்தே எக்ஸ்-2 ஆ மாத்த எஃப்ஆர்ஆர்ஓ-ல (வெளிநாட்டுக்காரங்களை பதியற மத்திய அரசு ஆபீஸ்) கேக்கலாம், ஆனா கையில காசும் நேரமும் இருந்தா ஒருக்கா அவங்க ஊருக்கு போயி அங்க இந்திய தூதரகத்துலயே எக்ஸ் விசா வாங்கிட்டு வர்றது நிம்மதிங்க. கோயமுத்தூர்ல இருந்தே சிங்கப்பூருக்கு ஃபிளைட் இருக்கு, கிழக்கு நாட்டுக்காரங்களுக்கு அது வசதி.

இங்க நெறைய பேரு கொழப்பிக்கறது, கோயமுத்தூர் அவினாசி ரோட்டுல இருக்கற பாஸ்போர்ட் ஆபீஸுக்கு போயி டோக்கன் போட்டு நிப்பாங்க. அது நம்ம பாஸ்போர்ட்டுக்கு. வெளிநாட்டுக்காரங்களுக்கு எஃப்ஆர்ஆர்ஓ, சென்னை நுங்கம்பாக்கம் ஹேடோஸ் ரோட்டுல சாஸ்திரி பவன் அனெக்ஸ்ல இருக்கு. பெரும்பாலான வேலை 2018-ல வந்த இ-எஃப்ஆர்ஆர்ஓ வெப்சைட்லயே முடிஞ்சுடும், நேர்ல கூப்புட்டா மட்டும் சேரன் எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறி காலைல போயிட்டு வந்துக்கலாம்.

விசா 180 நாளுக்கு மேலன்னா வந்து 14 நாளுக்குள்ள எஃப்ஆர்ஆர்ஓ-ல பதியணும். விசா ஸ்டிக்கர்லயே எழுதியிருக்கும், படிங்க. அதுக்கு மேரேஜ் சர்டிபிகேட், இந்தியர் பாஸ்போர்ட் ஆதார், வீட்டு அட்ரஸுக்கு கரண்ட் பில்லோ வாடகை பத்திரமோ, ஃபோட்டோ, கூட ஃபார்ம் சி.

இந்த ஃபார்ம் சி-ங்கறதை கொஞ்சம் நிறுத்தி சொல்லணும். வெளிநாட்டு ஆள் ஒருத்தர் ஊட்டுல தங்குனா 24 மணி நேரத்துக்குள்ள ஊட்டுக்காரங்க ஆன்லைன்ல தெரிவிக்கணும். லாட்ஜுக்கு மட்டும்னு நெனைக்காதீங்க, சொந்த மருமக சொந்த ஊட்டுல தங்குனாலும் சேத்திதான். ஊடு மாமனார் பேர்ல இருந்தா மாமனார் பேர்ல லாகின் உண்டாக்கி, கரண்ட் பில்லை ஏத்தி, அப்பறம் பொண்ணோட பாஸ்போர்ட் விவரத்தை போடணும். தோட்டத்துச் சாலைல, அதாவது காட்டுக்குள்ள இருக்கற ஊட்டுல, இருக்கறவிங்களுக்கு டோர் நம்பர், தெரு பேரு இல்லைன்னு அந்த பக்கத்துலயே நின்னுக்கும், அப்ப கரண்ட் பில்லுல என்ன அட்ரஸ் இருக்கோ அதையே எழுத்து மாறாம எல்லா இடத்துலயும் போடுங்க, ஒரு இடத்துல காட்டு பேரு இன்னொரு இடத்துல ஊர் பேருன்னு போட்டா பின்னாடி போலீஸ் விசாரணைல அட்ரஸ் கெடைக்கலைன்னு எழுதிட்டு போயிடுவாங்க. 2025 செப்டம்பர் 1-ல இருந்து பழைய வெளிநாட்டவர் சட்டம் எல்லாம் போயி குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 வந்திருக்கு, படிவம் பேரு எல்லாம் மாறினாலும் ஊர்ல எல்லாரும் இன்னும் ஃபார்ம் சி-ன்னுதான் சொல்றாங்க, 24 மணி நேரம்ங்கறது மாறலை. விசா முடிஞ்சும் தங்கறதுக்கு புது சட்டத்துல மூணு வருஷம் வரை ஜெயில், மூணு லட்சம் வரை ஃபைன் இருக்கு, அதனால நீட்டிப்புக்கு கடைசி வாரம் வரை விடாதீங்க, ரெண்டு மாசம் முன்னாடியே போட்டுடுங்க.

போலீஸ் விசாரணைன்னதும் ஊட்டுல பெரியவிங்க பயந்துக்கறாங்க. பயப்பட ஒண்ணுமில்லை. எங்க சித்தப்பா ஊட்டுக்கு வந்த ஏட்டய்யா வாசல்லயே நின்னு எதுத்த ஊட்டு அக்காகிட்ட "இவிங்க ஒட்டுக்காத்தான் இருக்காங்களாம்மா"ன்னு கேட்டாரு, அப்பறம் உள்ள வந்து கல்யாண ஆல்பம் பாத்தாரு, பொண்ணுகிட்ட மாமியா பேரு என்ன, பஸ் ஸ்டாப் பேரு என்னன்னு ரெண்டு கேள்வி. அவ தமிழ்லயே பதில் சொல்லி "மோர் குடிக்கறீங்களாங்க"ன்னு கேட்டதும் அவருக்கு சிரிப்பு வந்துடுச்சு. அவங்க பாக்கறது கல்யாணம் நெசமா, ரெண்டு பேரும் சேந்து வாழறாங்களாங்கறதுதான். கல்யாண போட்டோ, பத்திரிகை, ஒண்ணா இருக்கற பேங்க் அக்கவுண்ட்னு ஒரு ஃபைல் எடுத்து வெச்சுக்குங்க. எக்ஸ்-2 நீட்டிப்புக்கும் அதே ஃபைல்தான், ஓசிஐ-க்கும் அதே ஃபைல்தான்.

அந்த ரெண்டு வருஷம் வேலைக்கு என்ன பண்றது

எக்ஸ் விசா வேலைக்கான விசா இல்லைங்க. இதை நம்ம ஊர்ல சொன்னா யாரும் காதுல போட்டுக்கறதில்லை, ஏன்னா நம்மகிட்ட எல்லாருக்கும் ஒரு சொந்தக் கம்பெனி இருக்கு. மருமகளுக்கு இங்கிலீஷ் நல்லா வருது, பையர்கிட்ட பேசட்டும்னு கூட்டிட்டு போயி சீட்டுல உக்கார வெச்சு, விசிட்டிங் கார்டுல மேனேஜர் மெர்ச்சண்டைசிங்னு அடிச்சு, மாசா மாசம் அக்கவுண்ட்ல சம்பளம்னு பணமும் போடுவாங்க. ஆடிட்டர் ஒரு வார்த்தை கேக்க மாட்டாரு. அப்பறம் நீட்டிப்புக்கோ ஓசிஐ-க்கோ போகும்போது பேங்க் ஸ்டேட்மெண்ட் கேட்டாங்கன்னா அந்த "சேலரி"ங்கற ஒத்தை வார்த்தை போதும், விசா விதியை மீறுனதா ஆயிடும். ஊட்டுக்காரர் செலவுக்கு காசு குடுக்கறது வேற, கம்பெனி அக்கவுண்ட்ல இருந்து சம்பளம்னு போறது வேற. பார்ட்னரா போட்டுக்கலாம், ஷேர் குடுத்துடலாம்னு சில பேரு யோசனை சொல்லுவாங்க, அதுக்கு ஃபெமா (அன்னியச் செலாவணி சட்டம்) விதி தனியா இருக்கு, ஃபெமா தெரிஞ்ச சிஏ-கிட்ட கேக்காம கையெழுத்து போடாதீங்க.

முறையா வேலை செஞ்சே ஆகணும்னா எம்ப்ளாய்மெண்ட் விசா. எக்ஸ்-ல இருந்து மாத்தறதுக்கு எஃப்ஆர்ஆர்ஓ அனுமதி வேணும், தகுதி பாத்துத்தான் குடுப்பாங்க. வருஷத்துக்கு 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல சம்பளம் இருக்கணும், திறமை வேணுங்கற வேலையா இருக்கணும், இங்க ஆள் கெடைக்கற சாதாரண கிளர்க் வேலைக்கெல்லாம் குடுக்க மாட்டாங்க. திருப்பூர்ல தரம் பாக்கற ஒரு க்யூசி-க்கோ ஜூனியர் மெர்ச்சண்டைசருக்கோ அந்த சம்பளம் யாரு குடுக்கறாங்க சொல்லுங்க. ஆனா இதுல ஒரு சந்து இருக்கு. இங்கிலீஷ் தவிர மத்த மொழி சொல்லிக் குடுக்கற டீச்சர், மொழிபெயர்ப்பாளர், அந்த நாட்டு சமையல் செய்யற குக், இவிங்களுக்கு அந்த சம்பள வரம்பு கிடையாது. கோயமுத்தூர்ல ஜெர்மன், ஜப்பானீஸ் சொல்லித் தர்ற இடங்களுக்கு ஆள் தேவை இருந்துட்டே இருக்கு, தாய்மொழியா பேசற ஆள்னா அவங்களுக்கும் ஆசைதான். இந்த வழி நெறைய பேருக்கு தெரியறதே இல்லை.

ஊட்டுல உக்காந்துக்கிட்டே வெளிநாட்டு கம்பெனிக்கு லேப்டாப்ல வேலை பாக்கறேன், காசு அங்கயே அந்த ஊர் பேங்க்ல விழுதுன்னு சொல்றவிங்களுக்கு ரெண்டு விசயம். எக்ஸ் விசால அதுக்கு அனுமதின்னு எங்கயும் தெளிவா குடுக்கலை, அதனால எஃப்ஆர்ஆர்ஓ-க்கு மெயில் போட்டு எழுத்துல பதில் வாங்கி வெச்சுக்குங்க, வாயில சொல்றது நிக்காது. ரெண்டாவது வருமான வரி. வேலை செஞ்சது ஈரோட்டுல உக்காந்துன்னா சம்பளம் எந்த நாட்டு பேங்க்ல விழுந்தாலும் இங்க சம்பாதிச்சதாத்தான் கணக்கு. வருஷத்துல 182 நாளோ அதுக்கு மேலயோ இங்க இருந்தா வரி விசயத்துல ரெசிடெண்ட் ஆயிடறாங்க, புதுசா வந்தவிங்களுக்கு மொத சில வருஷம் வெளிநாட்டு வருமானத்துல சலுகை உண்டுதான், ஆனா அது அங்க இருக்கற வாடகை, வட்டி மாதிரிக்கு, இங்க இருந்து செஞ்ச வேலைக்கு இல்லை. பான் கார்டு வெளிநாட்டுக்காரங்களும் வாங்கலாம், ஃபாரம் வேற. ஆதார் கூட, 12 மாசத்துல 182 நாள் இங்க இருந்திருந்தா எடுக்கலாம், விசா இருக்கற வரைக்கும்தான் செல்லும்.

என்னைய கேட்டா இந்த ரெண்டு வருஷத்தை தமிழ் பேச எழுத கத்துக்கறதுக்கும், அவங்க படிப்பு சர்டிபிகேட்டை எல்லாம் இங்க செல்லற மாதிரி ஆக்கறதுக்கும் வெச்சுக்கலாம். குறிப்பா நர்ஸ், டாக்டரா இருந்தா. ஓசிஐ வந்துட்டா மறுநாளே ஆஸ்பத்திரில சேந்துக்கலாம்னு இருக்காதீங்க, நர்ஸுக்கு இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு கவுன்சில் பதிவு வேணும், வெளிநாட்டுல எம்பிபிஎஸ் மாதிரி படிச்ச டாக்டர்னா எஃப்எம்ஜிஇ பரீட்சை எழுதணும், இதெல்லாம் மாசக்கணக்கா இழுக்கும், அதுக்கு பேப்பர் சேக்கறது, படிக்கறதை எல்லாம் காத்திருக்கற காலத்துலயே ஆரம்பிச்சுடணும்.

ஓசிஐ

பாவு ஒழுங்கா ஓடியிருந்தா நெசவுல சிக்கல் வராதுங்கற மாதிரி, பதிவு தேதியும் பேரும் சரியா இருந்தா ஓசிஐ சுலபம்தான். குடியுரிமைச் சட்டம் 1955-ல 7ஏ பிரிவு. கல்யாணம் பதிவாகி, அப்ளை பண்ற நாளுக்கு முன்னாடி விடாம ரெண்டு வருஷம் நெலைச்சு இருக்கணும். அதுக்கு மேல மத்திய அரசோட பாதுகாப்பு விசாரணை ஒண்ணு உண்டு. பாகிஸ்தான், பங்களாதேஷ் குடியுரிமை இருக்கறவங்களுக்கும், அப்பா அம்மா தாத்தா பாட்டி, அதுக்கும் மேல கொள்ளுத் தாத்தா வரை யாருக்காவது அந்த குடியுரிமை இருந்திருந்தாலும் கெடைக்காது. டூரிஸ்ட் விசால இருந்துக்கிட்டு இங்க அப்ளை பண்ண முடியாது, எக்ஸ்-2 ஒழுங்கா வாங்கி வெச்சிருக்கணும்னு சொன்னது இதுக்கும்தான். இங்கயே அப்ளை பண்ணுனா ஃபீஸ் 15,000 ரூபாய். ஆன்லைன்ல போட்டு, ஒரிஜினலோட சென்னை எஃப்ஆர்ஆர்ஓ.

கார்டு வந்துட்டா எஃப்ஆர்ஆர்ஓ பதிவு, விசா நீட்டிப்பு எதுவும் வேண்டாம், வாழ்நாள் பூரா வரலாம் போலாம். தனியார் கம்பெனில வேலை செய்யலாம், அந்த 16 லட்ச வரம்பு கிடையாது, சொந்தமா தொழில் பண்ணலாம். வெளிநாட்டு பாஸ்போர்ட் வெச்சிருக்கறதால பிஎஃப்-ல இண்டர்நேஷனல் ஒர்க்கர்னு வேற கணக்கு வரும், சேரும்போதே எச்ஆர்கிட்ட சொல்லிடுங்க, இல்லைன்னா சம்பளத்துல எவ்வளவு புடிப்பாங்கன்னு பின்னாடி சண்டை.

முடியாதது: அரசு வேலை இல்லை, ஓட்டு இல்லை. 2021 மார்ச்ல வந்த அறிவிப்புப்படி ஆராய்ச்சி, பத்திரிகை வேலை, மதப் பிரச்சாரம் இதுக்கெல்லாம் தனி அனுமதி வாங்கணும், வேளாண் பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சிக்கு சேரணும்னு இருக்கறவிங்க இதை மறந்துடாதீங்க.

அப்பறம் நம்ம ஊருக்குன்னே இருக்கற சங்கதி, தோட்டம். ஓசிஐ இருந்தாலும் விவசாய நெலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது, தானமா எழுதி வாங்கவும் முடியாது. வீடு, கடை, சைட் வாங்கலாம். மாமனார் பாசத்துல பொள்ளாச்சி பக்கம் ரெண்டு ஏக்கர் தென்னந்தோப்பை மருமக பேர்ல செட்டில்மெண்ட் எழுதறேன்னு கெளம்புவாரு, பத்திரம் பதிஞ்சே போனாலும் ஃபெமாவுல அது மீறல். வாரிசா வந்து சேர்றது வேற, அதுக்கு தடை இல்லை. அதனால தோப்பு பையன் பேர்லயோ இந்தியக் குடிமகனான பேரப்பொடுசு பேர்லயோ இருக்கட்டும், மருமகளுக்கு ஊட்டை எழுதுங்க.

பாஸ்போர்ட் புதுப்பிச்சா மூணு மாசத்துக்குள்ள புது பாஸ்போர்ட் காப்பி, போட்டோ, கூடவே கல்யாணம் இன்னும் நெலைச்சிருக்குங்கற உறுதிமொழியும் ஓசிஐ வெப்சைட்ல ஏத்தணும். விவாகரத்து ஆனா இந்த வழில வாங்குன கார்டை ரத்து பண்ண சட்டத்துல இடம் இருக்கு, வேலை உரிமையும் அதோட போயிடும். கேக்கவே சங்கடமா இருக்கும், ஆனா வர்ற பொண்ணுக்கு இதை முன்னாடியே சொல்லிடணும்ங்க. அவ பாஸ்போர்ட், ஓசிஐ, சர்டிபிகேட் ஒரிஜினல் எல்லாம் அவ கையிலதான் இருக்கணும். மாமியா பீரோவுல நகையோட சேத்து பூட்டி சாவியை இடுப்புல சொருகிக்கற வேலை வேண்டாம்.

சிட்டிசன்ஷிப், கொழந்தைங்க, மத்தவிங்க

இந்தியக் குடியுரிமை வேணும்னா 5(1)(சி) பிரிவுல, இந்தியரை கட்டிக்கிட்டு 7 வருஷம் இங்க குடியிருந்தா பதிவு கேக்கலாம். கணக்கு எப்படின்னா அப்ளை பண்றதுக்கு முந்துன 12 மாசம் முழுசா இங்க இருக்கணும், அதுக்கும் முன்னாடி இருந்த 8 வருஷத்துல மொத்தமா 6 வருஷம் இருந்திருக்கணும். நாம ரெட்டைக் குடியுரிமை ஒத்துக்கறதில்லை, பழைய பாஸ்போர்ட்டை விட்டுக் குடுக்கணும். அம்மா அப்பா அங்க இருக்கறவிங்க ஓசிஐ-யோட நின்னுக்கறதுதான் நல்லதுன்னு நான் நெனைக்கறேன், போக வர நாளைக்கு விசா கேட்டு நிக்க வேண்டியதில்லை.

கொழந்தை இங்க பொறந்து, ஒருத்தர் இந்தியர், இன்னொருத்தர் முறையா விசால இருந்தா பொறப்புலயே இந்தியக் குடிமகன். வெளிநாட்டுல பொறந்தா ஒரு வருஷத்துக்குள்ள அங்க இந்திய தூதரகத்துல பதிஞ்சுடுங்க.

நேபாளத்துக்காரங்களுக்கு இதுல பாதி தலைவலி இல்லை, 1950 ஒப்பந்தப்படி விசா இல்லாமயே தங்கலாம், வேலை செய்யலாம்.

இலங்கைத் தமிழர்ல பாஸ்போர்ட் விசாவோட வந்தவிங்களுக்கு மேல சொன்ன வழியேதான். பவானிசாகர், அரச்சலூர், பூலுவபட்டி முகாம்ல இருக்கறவங்களோட சம்பந்தம்னா அது தனிக் கதை. 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து பதிஞ்சவங்களுக்கு பாஸ்போர்ட், விசா இல்லைங்கற நடவடிக்கைல இருந்து 2025-ல விலக்கு குடுத்திருக்காங்க, ஆனா விலக்கு வேற குடியுரிமை வேற, கல்யாணம் பண்ணிக்கிட்டதால அது தானா வராது. 2004 டிசம்பர் 3-க்கு அப்பறம் பொறந்த கொழந்தைக்கு அப்பா அம்மால ஒருத்தர் சட்டவிரோதக் குடியேறின்னு கணக்கானா பொறப்புரிமையே கேள்வியாயிடும், அதனால இந்த கேஸுக்கு புரோக்கரை நம்பாம வக்கீலை பாருங்க. மாவட்ட கோர்ட்டு வளாகத்துல சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, பெண்களுக்கு வருமானக் கணக்கு பாக்காம இலவசமா வக்கீல் ஏற்பாடு பண்ணுவாங்க, போகும்போது முகாம் அடையாள அட்டை, கல்யாணப் பதிவு, கொழந்தை பொறப்பு சர்டிபிகேட் மூணையும் ஜெராக்ஸ் போட்டு எடுத்துட்டு போங்க.